பம்ப் வாங்கும்போது விலையைப் பார்ப்பதா, வாழ்நாள் செலவைப் பார்ப்பதா? சேலம் பக்கத்து ஆலைகளில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம், ஆத்தூர், ஓமலூர் பக்கத்தில், மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் சேகோ ஆலைகளிலும் சாயப்பட்டறைகளிலும் பல வருடங்களாகப் பம்ப் வேலை பார்த்து வருகிறேன். அவ்வப்போது ஏற்காடு எஸ்டேட்டுகளுக்கும் போவதுண்டு. எங்கே போனாலும் டீ குடிக்கும் நேரத்தில் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

கணக்கு வரும் இடங்களில் கரண்ட் யூனிட்டுக்கு 7 ரூபாய் 50 பைசா என்று போட்டிருக்கிறேன். உங்கள் பில்லில் டிமாண்ட் சார்ஜ், பீக் ஹவர் கட்டணம் எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு என்ன விழுகிறதோ அதைப் போட்டுப் பாருங்கள். பம்ப் விலைகளும் உதாரணத்துக்குத்தான்.

"வாழ்நாள் செலவுன்னா என்னங்க? பம்ப் விலைதானே செலவு?"

கடையில் நீங்கள் கொடுப்பது முதல் நாள் செலவு. அந்தப் பம்ப் பத்துப் பதினைந்து வருடம் ஓடும்போது கரண்டுக்கு, பேரிங்குக்கு, சீலுக்கு, ஃபிட்டர் கூலிக்கு, அது நின்றுபோன நாளில் கெட்டுப்போன சரக்குக்கு என்று கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். எல்லாம் சேர்ந்ததுதான் வாழ்நாள் செலவு.

அமெரிக்காவின் ஹைட்ராலிக் இன்ஸ்டிட்யூட்டும் ஐரோப்பாவின் யூரோபம்ப் அமைப்பும் சேர்ந்து 2001-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இதை எட்டாகப் பிரித்திருக்கிறார்கள்: வாங்கும் விலை, பொருத்தும் செலவு, மின்சாரம், ஆள் கூலி, பராமரிப்பு, நின்றுபோவதால் வரும் நட்டம், சுற்றுச்சூழல் செலவு, கடைசியில் கழற்றி அப்புறப்படுத்தும் செலவு. நம் ஊர் ஆலைகளில் மின்சாரம், நின்றுபோகும் நட்டம், பராமரிப்பு என்ற மூன்றும்தான் பணத்தைத் தின்கின்றன. பேரம் பேசி ரெண்டாயிரம் குறைக்கிறோமே, அந்த வாங்கும் விலை இவற்றுக்குப் பின்னால்தான் வரும்.

"எங்கப்பா காலத்துல இருந்து விலை கம்மியா இருக்கிறதைப் பார்த்துத்தான் வாங்குறோம். இதுவரைக்கும் என்ன நட்டம் வந்துச்சு?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பாதிப்பேர் விவசாயக் குடும்பத்திலிருந்து ஆலைக்கு வந்தவர்கள். தமிழ்நாட்டில் விவசாய மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். கிணற்று மோட்டாருக்குப் பில்லே வராதபோது விலையையும், வோல்டேஜ் குறைந்தாலும் ஓடுமா என்பதையும் மட்டும் பார்த்து வாங்குவது சரியான முடிவுதான். அப்பா தப்புப் பண்ணவில்லை.

ஆலை மீட்டர் அப்படியில்லை. தோட்டத்தில் பழகிய கண்ணோடு ஆலைக்குப் பம்ப் வாங்கும்போதுதான் சிக்கல் வருகிறது. இதுவரை நட்டமே இல்லை என்று தோன்றுவதற்கும் ஒரு காரணம் உண்டு. அது பம்ப் கணக்கில் எழுதப்படுவதில்லை. மொத்தக் கரண்ட் பில்லுக்குள் கலந்து, மாதாமாதம் சத்தமில்லாமல் போய்விடுகிறது.

"சரி, ரூபாயில சொல்லுங்க. நல்ல பம்புக்கும் சும்மா பம்புக்கும் எவ்வளவு வித்தியாசம் வரும்?"

முதலில் சூத்திரம். மணிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் என்பதை மொத்த ஹெட் (உராய்வையும் சேர்த்துத் தண்ணீரை ஏற்றவேண்டிய உயரம்) எத்தனை மீட்டர் என்பதால் பெருக்கி 367-ஆல் வகுத்தால், தண்ணீருக்குப் போய்ச் சேரவேண்டிய கிலோவாட் கிடைக்கும். அதைப் பம்பின் திறனாலும் மோட்டாரின் திறனாலும் வகுத்தால் மீட்டர் இழுக்கும் கிலோவாட். சரக்கு தண்ணீரைவிடக் கனமாக இருந்தால் அந்த அடர்த்தியாலும் பெருக்க வேண்டும்.

ஒரு சாயப்பட்டறைக்கு மணிக்கு 60 கன மீட்டர், 30 மீட்டர் ஹெட் தேவை என்று வையுங்கள். தண்ணீருக்குத் தேவை 4.9 கிலோவாட். முதல் பம்ப் 45,000 ரூபாய், அந்த இடத்தில் அதன் திறன் 55 சதவீதம். 11 கிலோவாட் ஐஇ2 மோட்டாருடன் (ஐஇ என்பது மோட்டாரின் திறன் வகுப்பு, எண் கூடினால் திறன் கூடும்) அது 9.9 கிலோவாட் இழுக்கும். இரண்டாவது 80,000 ரூபாய், திறன் 72 சதவீதம். அதற்கு 7.5 கிலோவாட் ஐஇ3 மோட்டாரே போதும், இழுப்பது 7.5 கிலோவாட். தினம் 16 மணி நேரம், வருடம் 300 நாள் என்றால் 4,800 மணி நேரம். முதல் பம்புக்கு வருடக் கரண்ட் சுமார் 3,57,000 ரூபாய், இரண்டாவதற்குச் சுமார் 2,71,000 ரூபாய்.

வித்தியாசம் வருடத்துக்கு 86,000. கூடுதலாகக் கொடுத்த 35,000 ஐந்தே மாதத்தில் திரும்பி வந்துவிடும். இன்னொன்றையும் பாருங்கள். முதல் பம்புக்குப் பத்து வருடத்தில் கரண்டுக்கு மட்டும் 35 லட்சத்துக்கு மேல் போகிறது. கடையில் கொடுத்த 45,000 அதில் நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லை.

"இப்ப ஓடுற பம்ப் நல்லா ஓடுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஆளைக் கூப்பிட்டாத்தான் முடியுமா?"

நீங்களே பார்க்கலாம். டெலிவரியில் ஒரு நல்ல பிரஷர் கேஜ், கையில் ஒரு வாட்ச், எலெக்ட்ரீஷியனிடம் கிலோவாட் காட்டும் கிளாம்ப் மீட்டர், இவ்வளவு போதும். வெறும் ஆம்பியரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், பவர் ஃபேக்டர் ஏமாற்றிவிடும்.

போன தடவை ஒரு பட்டறையில் பார்த்ததைச் சொல்கிறேன். மேல் தொட்டி 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். வெளியே போகும் வால்வை அடைத்துவிட்டு, சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டோம். தண்ணீர் 50 சென்டிமீட்டர் ஏற 9 நிமிடம் ஆனது. 9 நிமிடத்தில் 6 கன மீட்டர் என்றால் மணிக்கு 40. கேஜ் 2.8 கிலோ காட்டியது, அதாவது 28 மீட்டர். சம்ப்பில் (கீழ்த்தொட்டியில்) தண்ணீர் மட்டம் பம்புக்கு 3 மீட்டர் கீழே. மொத்தம் 31. நாற்பதை 31-ஆல் பெருக்கி 367-ஆல் வகுத்தால் 3.4 கிலோவாட். மீட்டர் காட்டியதோ 8.2. நூறு ரூபாய் கரண்டில் 41 ரூபாய்தான் தண்ணீராக மாறுகிறது.

பம்பும் மோட்டாரும் சேர்ந்து 60-ஐத் தாண்டினால் இந்த அளவு பம்புக்கு நல்ல ஓட்டம் என்பேன். 50-க்குக் கீழே வந்தால் காரணம் தேட வேண்டும். இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) தேய்ந்திருக்கலாம், வேர் ரிங் (அதைச் சுற்றியிருக்கும் வளையம்) இடைவெளி பெருகியிருக்கலாம், பெரும்பாலும் அந்த இடத்துக்கே பொருந்தாத பம்பாக இருக்கும்.

"எதுக்கும் ஒரு அஞ்சு எச்பி கூடப் போட்டுட்டா சேஃப்தானே அண்ணா?"

இல்லை தம்பி. நம் பக்கம் பணம் அதிகமாக வீணாவது இந்த ஒரு பழக்கத்தால்தான். ஆலைக்காரர் பத்து சதவீதம் கூட்டிச் சொல்வார், காண்ட்ராக்டர் இன்னும் பதினைந்து சேர்ப்பார், கடைக்காரர் கையில் இருக்கும் அடுத்த பெரிய சைஸைக் கொடுப்பார். மூன்று பேரும் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். பம்ப் வந்து ஓடும்போது தண்ணீர் தேவைக்கு மேல் கொட்டும், மோட்டார் ஓவர்லோடில் ட்ரிப் ஆகும், அப்புறம் டெலிவரி வால்வைப் பாதி மூடிவிடுவார்கள். அந்த வால்வு பாதி மூடியபடியே பத்து வருடம் இருக்கும். சில இடங்களில் கைப்பிடிச் சக்கரமே துருப்பிடித்து இறுகிப்போய்ப் பார்த்திருக்கிறேன்.

எந்தப் பம்புக்கும் அது மிக நன்றாக ஓடும் ஓர் இடம் உண்டு. அதைவிட ரொம்பக் குறைந்த தண்ணீரில் ஓட்டினால் திறன் குறைவதோடு நிற்காது. இம்பெல்லரை ஒருபக்கமாகத் தள்ளும் விசை கூடி ஷாஃப்ட் வளையும், பேரிங்கும் சீலும் சீக்கிரம் போகும். "இந்தப் பம்புக்கு மட்டும் ஏன் ஆறு மாதத்துக்கு ஒரு சீல்?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் டெலிவரி வால்வைத்தான் காட்டச் சொல்வேன்.

"ஆனா வால்வை மூடினா ஆம்பியர் குறையுதே. அப்ப கரண்ட் மிச்சம்தானே?"

ஆம்பியர் குறைவது உண்மை. தண்ணீர் அதைவிட வேகமாகக் குறைகிறது என்பதைக் கவனியுங்கள். உதாரணமாக, முழுசாகத் திறந்தபோது மணிக்கு 60 ஆயிரம் லிட்டருக்கு 10 கிலோவாட், பாதி மூடியபோது 35 ஆயிரம் லிட்டருக்கு 8 கிலோவாட் என்று வையுங்கள். ஆயிரம் லிட்டருக்கு 0.17 யூனிட் ஆனது இப்போது 0.23 ஆகிவிட்டது. அதனால் எப்போதும் "ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட்" என்று கேளுங்கள்.

ஏற்கெனவே பெரிய பம்ப் மாட்டியாகிவிட்டது, எப்போதும் ஒரே அளவுதான் தேவை என்றால், இம்பெல்லரை லேத்தில் கொடுத்துக் கொஞ்சம் கடைந்து விட்டத்தைக் குறைப்பதுதான் மலிவான மருந்து. எவ்வளவு குறைக்கலாம் என்பதை அந்தப் பம்பின் கர்வைப் (கம்பெனி தரும் ஹெட், தண்ணீர் அளவு வரைபடத்தை) பார்த்து முடிவு செய்யவும். கடைந்தபின் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டக் கூடாது.

"விஎஃப்டி போட்டா பாதிக்குப் பாதி மிச்சம்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போனார். நம்பலாமா?"

விஎஃப்டி என்பது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி. மிச்சம் எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வேகத்தைக் குறைத்தால் தண்ணீர் அதே விகிதத்தில் குறையும், ஹெட் வர்க்கத்தில் குறையும், சக்தி கனத்தில் (மும்மடியில்) குறையும். வேகம் 80 சதவீதம் என்றால் சக்தி 51 சதவீதம். அவர் சொன்ன "பாதி" இதுதான். குளிரூட்டும் தண்ணீர் ஒரே வட்டத்தில் சுற்றும் இடத்திலும், சாய மெஷினுக்கு நேரத்துக்கு நேரம் தேவை மாறும் இடத்திலும் இது ஏறக்குறைய அப்படியே பலிக்கும்.

மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பில் பலிக்காது. ஏற்காட்டில் பள்ளத்து ஓடையிலிருந்து 45 மீட்டர் மேலே இருக்கும் தொட்டிக்கு ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். பம்ப் 50 ஹெர்ட்ஸில் வால்வை முழுக்க மூடினால் 60 மீட்டர் அழுத்தம் தரும். 43 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் அது 44 மீட்டர் ஆகிவிடும். தண்ணீர் தொட்டிக்கு ஏறவே ஏறாது. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், பம்புக்குள் நிற்கும் தண்ணீர் சூடாகும். இப்படிப்பட்ட இடத்தில் விஎஃப்டிக்குக் கொடுக்கும் பணத்தைச் சரியான பம்புக்கும் பெரிய பைப்புக்கும் போடுங்கள்.

"பைப் பழசு நல்லாத்தான் இருக்கு. பம்பை மட்டும் மாத்தினாப் போதாதா?"

பைப்பைப் பார்க்காமல் பம்பை மட்டும் மாற்றுவது பாதி வேலை. ஒரே அளவு தண்ணீர் போகும்போது, பைப் விட்டம் கூடக் கூட உராய்வு ஐந்தாம் அடுக்கில் குறையும். 80 மில்லிமீட்டர் லைனை 100 ஆக்கினால் உராய்வு இழப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். லைனில் 12 மீட்டர் உராய்வு இருந்தால் அது 4 ஆகும். மொத்த ஹெட்டில் 8 மீட்டர் மிச்சம் என்றால் பம்ப் சைஸே ஒன்று குறையலாம்.

சேலம் பக்கத்து போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கூடியது. பழைய ஜிஐ லைனை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பாறைபோல் படிந்து, மூன்று இஞ்ச் பைப் இரண்டரை இஞ்ச் ஆகியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் "நல்லாத்தான் இருக்கு". இழுக்கும் பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வும் அப்படித்தான். சந்தையில் கிடைக்கும் சின்னத் துளை வால்வைப் போட்டுவிட்டு, ஐஎஸ்ஐ மார்க் வால்வுக்கு ஐந்நூறு ரூபாய் கூடக் கேட்கிறார்கள் என்று தயங்குவதில் அர்த்தம் இல்லை.

"மோட்டார் ஐஇ2 போதுமா? ஐஇ3, ஐஇ4-ன்னு எல்லாம் காசு பிடுங்குற வேலைதானே?"

காசு பிடுங்கும் வேலை இல்லை. 11 கிலோவாட், நான்கு போல் மோட்டாரில் ஐஇ2 என்றால் 89.8 சதவீதம், ஐஇ3 என்றால் 91.4, ஐஇ4 என்றால் 93.3. முழு லோடில் 4,800 மணி நேரம் ஓடினால் ஐஇ2-விலிருந்து ஐஇ3-க்குப் போவதில் வருடம் சுமார் 7,700 ரூபாயும், அதிலிருந்து ஐஇ4-க்குப் போவதில் மேலும் சுமார் 8,800 ரூபாயும் குறையும். ஆனால் மேலே மூன்றாவது கேள்வியில் பம்ப் மாறியதால் வந்த 86,000-ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில் பம்ப், அப்புறம் மோட்டார்.

ஒரு நுணுக்கம் உண்டு, நிறையப் பேர் கவனிப்பதில்லை. திறன் கூடிய மோட்டார் பெரும்பாலும் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். பழையது 1,440 சுற்று ஓடிய இடத்தில் புதியது 1,465 ஓடினால், கன விதிப்படி பம்ப் கேட்கும் சக்தி 5 சதவீதம் கூடும். மோட்டாரில் மிச்சம் பிடித்ததைப் பம்ப் சாப்பிட்டுவிடும். மோட்டாரை மட்டும் மாற்றுகிறவர்கள் இம்பெல்லரையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும்.

"காயில் எரிஞ்சுபோச்சு. ரீவைண்டிங் பண்ணிக்கலாமா, புதுசே வாங்கிடலாமா?"

முதல் முறை, நல்ல கடை, 15 கிலோவாட்டுக்கு மேலே என்றால் ரீவைண்டிங் செய்யலாம். பழைய காயிலை எப்படி எடுக்கிறார்கள் என்று கடையில் நின்று பாருங்கள். திறந்த நெருப்பில் போட்டு எரித்து எடுத்தால் ஸ்டாம்பிங் தகடுகளுக்கு நடுவில் இருக்கும் இன்சுலேஷன் போய்விடும். பிறகு மோட்டார் லோடு இல்லாதபோதே சூடாகும், திறன் குறையும். கம்பி கேஜையும் சுற்றுகளையும் மாற்றாமல் போடுகிறார்களா என்பதும் முக்கியம்.

மூன்றாவது முறை எரிந்த சின்ன மோட்டாருக்கு நான் புதியதைத்தான் சொல்வேன். ஏன் மூன்று முறை எரிந்தது என்பதைக் கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டினால் அதுவும் எரியும்.

"எஸ்.எஸ். பம்ப் போட்டாச்சுன்னா பிரச்சினையே இல்லைல்ல?"

எந்த எஸ்.எஸ். என்று கேளுங்கள். சாயக் கழிவில் உப்பு நிறைய இருக்கும். குளோரைடு கூடிய தண்ணீரில் 304 ரகம் ஊசி குத்தியதுபோல் பொத்தலாகும். 316 அதைவிடத் தாங்கும். சேகோ ஆலையில் மாவுப்பாலுக்கு (கிழங்கை அரைத்து எடுக்கும் பால்) எஸ்.எஸ். அவசியம், இரும்புத் துரு பட்டால் மாவின் வெள்ளை போகும். ஆனால் கிழங்கு கழுவும் தண்ணீரில் இருப்பது மண்ணும் மணலும். அங்கே மெல்லிய எஸ்.எஸ். இம்பெல்லர் கடினமான வார்ப்பிரும்பைவிடச் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஒரே ஆலைக்குள் இரண்டு இடத்துக்கு இரண்டு பதில்.

"கிளாண்ட் கயிறு நல்லதா, மெக்கானிக்கல் சீல் நல்லதா?"

இரண்டுமே ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் கசியாமல் அடைப்பவை. கிளாண்ட் கயிறு மலிவு, நம் ஆளே மாற்றிக்கொள்வார், திடீரென்று நிற்காது. ஆனால் அது சொட்டவேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு விழுந்தால்தான் ஷாஃப்ட் குளிரும். சொட்டுகிறதே என்று இறுக்கிக் கட்டினால் ஸ்லீவ் தேய்ந்து, கரண்டும் கூடும். விலைக்கு வாங்கும் டேங்கர் தண்ணீர், சூடான சாய நீர், மாவுப்பால் போன்றவற்றுக்கு மெக்கானிக்கல் சீல் போடுங்கள். அதன் எதிரி ஒன்றுதான், தண்ணீரில்லாமல் ஓடுவது. சம்ப்பில் ஒரு லெவல் சுவிட்ச் வைத்துவிட்டால் அந்த பயம் போய்விடும்.

"பம்ப் நின்னா நாலு மணி நேரத்துல சரி பண்ணிடலாம். அதுக்குப் போய் ஸ்டாண்ட்பை எதுக்கு?"

இதற்கு என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ ஆலையில் மாவுப்பால் பம்புக்கு விலை குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான்தான். கிழங்கு சீசன் உச்சத்தில், ராத்திரி ஒரு மணிக்குப் பேரிங் இறுகி நின்றுவிட்டது. அந்தப் பம்புக்கான பேரிங் சைஸ் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்காத சைஸ். விடிந்து கடை திறந்து, சேலத்திலிருந்து வாங்கி வந்து மாட்டும்போது மணி பதினொன்று.

அதற்குள் சல்லடையில் திப்பி பிரித்து வைத்திருந்த மாவுப்பால் தொட்டியில் நின்று புளித்துவிட்டது. கிட்டப் போனாலே மூக்கில் ஏறியது. மேலே நுரை கட்டியிருந்தது, கையில் அள்ளிப் பார்த்தால் அந்தப் பால் வெள்ளை இல்லை, லேசான பழுப்பு. யார்டில் கிழங்கு லாரிகள் வரிசையில் நின்றன. வெட்டிய கிழங்கும் ரெண்டு நாளுக்கு மேல் தாங்காது. சேகோசர்வில் (சேகோ ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம்) டெண்டருக்குப் போகும் மூட்டை வெள்ளையாக இருந்தால்தான் விலை. அந்த லாட் கழிவு விலைக்குப் போனது. ஒரே ராத்திரியில் போன பணத்தில் நல்ல பம்ப் இரண்டு வாங்கியிருக்கலாம். அந்த முதலாளி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு பம்புக்கும் "இது நின்றால் ஒரு மணி நேரத்துக்கு என்ன நட்டம்?" என்று முதலில் எழுதிவிடுகிறேன். மாவுப்பால் பம்புக்கு ஸ்டாண்ட்பை கட்டாயம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பம்புக்குத் தேவையில்லை. ஸ்டாண்ட்பையை மூலையில் மூடி வைக்காதீர்கள், வாரம் மாற்றி வாரம் ஓட்டுங்கள். நின்றே இருக்கும் பம்பின் சீல் ஒட்டிக்கொள்ளும். பேரிங், சீல், கப்ளிங் புஷ் மூன்றும் சேலம் கடைகளிலோ கோயம்புத்தூரிலோ அன்றே கிடைக்கும் சைஸா என்பதை வாங்கும் முன் கேளுங்கள்.

"சேலத்துல நல்லா ஓடின பம்ப், ஏற்காடு எஸ்டேட்டுல போட்டா இழுக்கவே மாட்டேங்குது. பம்ப் கெட்டுப்போச்சா?"

பம்ப் கெடவில்லை, காற்று மாறிவிட்டது. பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைப் பம்புக்குள் தள்ளுகிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். அங்கே அந்தத் தள்ளும் சக்தி ஏறக்குறைய 10 மீட்டர் தண்ணீர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், அங்கே 8.6 மீட்டர்தான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் போய்விட்டது.

பம்ப் கேட்கும் என்பிஎஸ்எச் (பம்பின் வாயில் இருந்தே ஆகவேண்டிய அழுத்தம்) 3 மீட்டர், சக்‌ஷன் பைப் உராய்வு 1 மீட்டர் என்று வைத்து, தண்ணீர் ஆவியாகும் அழுத்தத்துக்கும் கொஞ்சம் கழித்தால், சேலத்தில் ஐந்தரை மீட்டர் கீழேயிருந்து எடுக்கலாம், ஏற்காட்டில் நாலரையைத் தாண்டாது. அதிலும் அரை மீட்டராவது கையிருப்பு விடவேண்டும். எல்லையில் ஓட்டினால் பம்புக்குள் ஜல்லி கொட்டுவதுபோல் சத்தம் வரும். சில மாதத்தில் இம்பெல்லரைக் கழற்றிப் பார்த்தால் கறையான் அரித்த மரம்போல் இருக்கும். பம்பைத் தண்ணீருக்குக் கிட்டே இறக்கி வையுங்கள், சக்‌ஷன் பைப்பை ஒரு சைஸ் பெரிதாக்குங்கள், அல்லது சப்மெர்சிபிள் போடுங்கள்.

மோட்டார்களின் ரேட்டிங்கும் 1,000 மீட்டர் உயரம், 40 டிகிரி வெப்பம் வரைக்கும்தான். அதற்கு மேலே காற்று மெலிவதால் குளிர்வது குறையும். ஏற்காட்டுக் குளிர் அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும் என்பது அதிர்ஷ்டம். மலைக்கு வாங்கும்போது இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள்: ரிப்பேருக்கு ஆள் கீழேயிருந்து வரவேண்டும். காப்பிப் பழம் பறித்து வந்து பல்ப்பர் (பழத்தின் தோலை உரிக்கும் மெஷின்) ஓடவேண்டிய நாளில் தண்ணீர் நின்றால், பழம் காத்திருக்காது. மேலே சொன்ன மாவுப்பால் கதைதான்.

"போர்ல தண்ணி கம்மி. கம்ப்ரசர் போட்டுட்டா மோட்டார் எடுக்குற தொல்லையே இல்லைங்களே?"

போருக்குள் காற்றை அடித்துத் தண்ணீரை மேலே தள்ளுவது கம்ப்ரசர். தொல்லை இல்லை என்பது உண்மை. போருக்குள் சுழலும் பாகம் எதுவும் கிடையாது, மணல் வந்தாலும் கவலையில்லை. ஆனால் அதே தண்ணீருக்கு சப்மெர்சிபிளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கரண்ட் ஆகும். தோட்டத்தில் பரவாயில்லை, காரணம் இரண்டாவது கேள்வியிலேயே சொன்னேன். ஆலை மீட்டரில் தினம் பத்து மணி நேரம் கம்ப்ரசர் ஓடினால் கட்டுப்படியாகாது. ஊற்றுக்கு ஏற்ற சின்ன சப்மெர்சிபிள், டிரை ரன் கட் ஆஃப் (தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் சாதனம்) இரண்டையும் சேர்த்து விலை கேட்டுப் பாருங்கள்.

"எங்க பம்ப் வருஷத்துக்கு இருநூறு மணி நேரம்தான் ஓடும். அதுக்கும் இவ்வளவு கணக்கா?"

வேண்டாம். மழைத் தண்ணீர் இறைக்கும் சம்ப் பம்ப் மாதிரி இருந்தால் விலை குறைந்ததையே வாங்குங்கள். மூன்றாவது கேள்வியின் இரண்டு பம்புகளையே எடுத்துக்கொண்டால், 200 மணி நேரத்தில் வித்தியாசம் 480 யூனிட், 3,600 ரூபாய். கூடுதல் 35,000 திரும்பி வரப் பத்து வருடம் ஆகும். தீயணைப்புப் பம்ப் மட்டும் விதிவிலக்கு. அது ஓடும் நேரம் குறைவு, ஆனால் ஓடவேண்டிய அன்று ஓடியே ஆகவேண்டும்.

"ஆலை மூடின இடத்துல பெரிய கம்பெனிப் பம்ப் பாதி விலைக்குக் கிடைக்குது. எடுக்கலாமா?"

நேம் பிளேட்டில் உங்கள் ஹெட்டும் தண்ணீர் அளவும் ஏறக்குறைய அப்படியே இருந்தால், திறந்து வேர் ரிங்கையும் ஷாஃப்டையும் பார்த்துவிட்டு எடுக்கலாம். நேம் பிளேட் பொருந்தாத பம்பைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். பாதி மூடிய வால்வு என்ன செய்யும் என்பதை மேலே பார்த்தோம்.

"கேட்டலாக்ல 75 சதவீதம்னு போட்டிருக்கான். அப்படியே வருமா?"

அது அந்தப் பம்பின் மிகச் சிறந்த இடத்தில் வரும் எண். உங்கள் ஹெட்டில், உங்கள் தண்ணீர் அளவில் எவ்வளவு என்று கேளுங்கள். கொட்டேஷனில் அந்த எண்ணும், மோட்டார் வகையும், என்பிஎஸ்எச்சும் எழுத்தில் வரவேண்டும்.

பம்ப் டெஸ்ட்டுக்கான ஐஎஸ்ஓ 9906 தரப்படி டெஸ்ட் செய்வதாகச் சொன்னால் எந்த கிரேடு என்று கேளுங்கள். 2பி கிரேடில் திறன் சொன்னதைவிட 5 சதவீதம்வரை குறையலாம், 1பி கிரேடில் 3 சதவீதம். பெரிய பம்பாக இருந்தால் டெஸ்ட்டுக்கு நேரில் போய் நில்லுங்கள். பம்ப் ஊரான கோயம்புத்தூர் நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது.

"ஆடிட்டர் கேட்கிறார்: பத்து வருஷம் கழிச்சு வர்ற மிச்சத்தை இன்னிக்கு விலையோட எப்படி ஒப்பிடுறது?"

சரியான கேள்வி. கடன் வட்டி 12 சதவீதம் என்றால், பத்து வருடம் வருடாவருடம் வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு மொத்தம் 5 ரூபாய் 65 பைசா. நம் 86,000-ஐ 5.65-ஆல் பெருக்கினால் 4,86,000. கூடுதலாகக் கொடுப்பது 35,000. வட்டி போக நிற்கும் லாபத்தை ஆடிட்டரே பார்த்துக்கொள்வார். கரண்ட் கட்டணம் ஏறினால் இது இன்னும் கூடும், அதை நான் சேர்க்கவில்லை.

"இதெல்லாம் புதுசு வாங்குறவங்களுக்கு. நல்லா ஓடிட்டிருக்கிற பம்பைக் கழட்டி வீசணுமா?"

நான்காவது கேள்வியில் சொன்னபடி அளந்து பாருங்கள். பெரும்பாலும் வேர் ரிங் மாற்றி, இம்பெல்லரைச் சரிசெய்து, பாதி மூடிய வால்வைத் திறந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அப்படியும் தேறாத பம்புக்கு வருடக் கரண்ட் நட்டத்தை எழுதி, புதிய பம்பின் விலையோடு வையுங்கள். ஒரு வருடத்துக்குள் காசு திரும்பும் என்றால் இப்போது ஓடுவது எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். இரண்டு மூன்று வருடம் ஆகும் என்றால் அடுத்த பெரிய ரிப்பேர் வரும்வரை விடுங்கள். அதற்குள் எந்தப் பம்ப் வாங்கவேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் நின்ற ராத்திரியில் அவசரத்தில் கையில் கிடைத்ததை வாங்கத்தான் எல்லோருக்கும் தோன்றும்.

சேகோ ஆலைக்காரர்கள் மாற்றுவதானால் கிழங்கு வரத்து நின்றபின் செய்யுங்கள். பேஸ் பிளேட் கான்கிரீட் காய, அலைன்மென்ட் பார்க்க, லைனில் ஒரு பெண்டைக் குறைக்க அப்போதுதான் நேரம் கிடைக்கும். பம்ப் ரூமில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, மாதம் ஒருமுறை கேஜ், கிலோவாட், தொட்டி நிறையும் நேரம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த சீசனில் என்னைக் கூப்பிட்டால் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பேன்.